ஐந்து ஜெல்லும் ஒரு தாழ்ப்பாளும்

மீட்டரக்கா பகலில் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை. காலை நாலரை மணிக்கு எழுந்ததும் அரை டம்ளர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கழிவறைக்கு ஓடி, வெளியே வந்த பிறகு இரண்டு சொம்பு. நடுவில் ஒரு சொட்டு கிடையாது. பதினோரு வருடமாக இதுதான் வழக்கம்.

அவருக்கு நடப்பதுதான் வேலை. ஊருக்கு வெளியே, மண்ணுக்கடியில் ஓடும் எரிவாயுக் குழாயின் தடத்திலேயே தினமும் பதினாறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எங்காவது யாராவது தோண்டியிருக்கிறார்களா, புல் காரணமில்லாமல் கருகியிருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். லைன் வாக்கர் என்பார்கள். கிலோமீட்டருக்கு ஒரு மஞ்சள் கல் நட்டிருக்கும். எந்தக் கல் சாய்ந்திருக்கிறது, எந்தக் கல்லில் எண் அழிந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படி வந்த பெயர்தான் மீட்டரக்கா.

நடப்பவர்களின் கழுத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி தொங்கும். அது கன்ட்ரோல் ரூம் திரையில் அவர்களை ஒரு பச்சைப் புள்ளியாகக் காட்டும். ஒரே இடத்தில் மூன்று நிமிடம் நின்றால் பச்சை சிவப்பாகிவிடும். சிவப்பானால் போன் வரும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவர் ஒரு முள்புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார். சுற்றிலும் வெட்டவெளி. யாராவது வருகிறார்களா என்று பார்க்கவே ஒரு நிமிடம் போய்விட்டது. உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்தது.

"மூணு நிமிஷமா ஒரே இடத்துல நிக்கிறீங்களே. என்னம்மா, புதையல் ஏதாவது கிடைச்சிருச்சா?"

பின்னால் நாலைந்து ஆண்கள் சிரித்தார்கள். அவர் துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நடந்தார். மறுநாள் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டி, நின்றதற்குக் காரணம் எழுதச் சொன்னார். அவர் 'உடல்நிலை' என்று எழுதினார். சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, "உடம்பு சரியில்லாதவங்க நடக்கிற வேலைக்கு எதுக்கும்மா வர்றீங்க?" என்றார். அன்று முதல் பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடித்தால்தானே உட்கார வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்னால் குழாய்த் தடத்தின் அடுத்த பிரிவில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது, எதற்கும் பதில் வைத்திருப்பாள். வாயாடி என்று எல்லோரும் கூப்பிட்டார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரின் பிரிவும் சேரும் பதினாறாவது கல்லில் தினமும் சந்தித்துக்கொள்வார்கள். வாயாடி இடுப்பில் பாட்டில் கட்டிக்கொண்டு நடப்பவள். கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தால், "ஆமாண்ணே, நிக்கல, உக்காந்திருக்கேன். எழுந்ததும் சொல்றேன்" என்று கத்துவாள். அவளுடைய காரணத் தாள்களுக்கு அலுவலகத்தில் தனிக் கோப்பே இருந்தது.

"ஒட்டகமே உங்ககிட்ட டியூஷன் வரணும்க்கா" என்பாள்.

"ஒட்டகத்துக்குக் கன்ட்ரோல் ரூம் இல்லடி."

பதினாறாவது கல்லுக்குப் பக்கத்தில் குழாயைத் திறந்து மூடுவதற்கான, கம்பி வேலி போட்ட ஒரு வால்வ் ஸ்டேஷன் உண்டு. நிரந்தர ஊழியர்கள் மட்டும் உள்ளே போகலாம். ஒருமுறை பெருமழையில் அங்கிருந்தவர் இரக்கப்பட்டு மீட்டரக்காவை உள்ளே விட்டார். இரண்டே அறைகள். ஒன்றில் அளவுமானிகளும் ஒரு நாற்காலியும். மற்றொன்றில் வெள்ளை ஓடு பதித்த கழிவறை, குழாய், கதவு, கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வீட்டுக்கு வந்து அவர் நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை. தாழ்ப்பாளைப் பற்றித்தான் சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்பவர். "தாழ்ப்பாள்தான வேணும்? நாளைக்கே ஒண்ணு அடிச்சுத் தர்றேன். அந்தப் பெட்டியோட சேர்த்துக் கழுத்துல மாட்டிக்க."

"கதவையும் தூக்கிக்கிட்டு நடக்கவா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அந்த வருடம் மட்டும் மூன்று முறை நீர்க்கடுப்போடு காய்ச்சல் வந்தது. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று ஒவ்வொரு முறையும் மருத்துவர் சொன்னார். மீட்டரக்கா மாத்திரையை மட்டும் சாப்பிட்டார்.

லைன் வாக்கர்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். நிரந்தரமானால் இரண்டு வருடம் கழித்து ஸ்டேஷனுக்கு மாற்றுவார்கள். நிரந்தரமாக ஒரே வழி நடைத் தேர்வு. நான்கு மணி நேரத்தில் இருபத்து நான்கு கிலோமீட்டர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு: கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம். ஓடக்கூடாது. அன்றைக்கே மருத்துவப் பரிசோதனை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். நாற்பது வயது ஆவதற்குள் பணி ஆணை கைக்கு வந்திருக்க வேண்டும்.

போன முறை மீட்டரக்கா பத்தொன்பதாவது கிலோமீட்டரில் விழுந்தார். கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. திடீரென்று தலைக்குள் யாரோ விளக்கை அணைத்ததுபோல் இருந்தது. எந்தக் காலை எடுத்து வைப்பது என்று யோசிக்க வேண்டியிருந்தது. எழுந்து வந்து சேரும்போது நான்கு மணி பதினோரு நிமிடம். இந்த முறை தேர்வு முடிந்து சில மாதத்திலேயே அவருக்கு நாற்பது ஆகிவிடும். இதை விட்டால் அடுத்தது கிடையாது.

ஜெல்லைக் கொண்டுவந்தவன் அவருடைய தம்பி. சைக்கிள் கடையில் வேலை, விடுமுறை நாளில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன். அக்கா விழுந்த கதையைக் கேட்டுவிட்டு, "உனக்குச் சக்கரை தீர்ந்திருக்கு, அவ்வளவுதான்" என்றான்.

"எனக்குச் சக்கரை வியாதியே இல்லையேடா."

"வியாதி இல்லக்கா. உடம்பு சக்கரையைச் சேத்து வச்சிருக்கும். வேகமா நடந்தா ரெண்டு மூணு மணி நேரத்துல காலியாயிரும். நீ வெறும் வயித்துல வேற போற. வண்டி ரிசர்வுக்கு வந்து, ரிசர்வும் தீர்ந்தா என்ன ஆகும்? அதான் உனக்கு ஆச்சு." சொல்லிக்கொண்டே பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பொட்டலத்தை எடுத்தான். "இது ஜெல். முழுக்க மாவுச்சத்து. மெல்ல வேண்டாம். மேல கிழிச்சு, வாயில பிதுக்கி, விழுங்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கலாம். கொஞ்ச நேரத்துல ரத்தத்துல சேந்துரும்."

மீட்டரக்கா ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "ஐயோ. இருமல் மருந்துல உப்பைக் கொட்டின மாதிரி இருக்கு."

வீட்டுக்காரர் பொட்டலத்தை வாங்கி அழுத்திப் பார்த்தார். "பல்லு போனவங்க சாப்பாடா மச்சான்? எனக்கும் ரெண்டு எடுத்து வை, பின்னால உதவும்."

தம்பி சிரிக்கவில்லை. பொட்டலத்தின் பின்பக்கத்தில் வேற்று மொழியில் பொடி எழுத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னான். முக்கால் மணிக்கு ஒன்று, பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. தேர்வன்றைக்குத்தான் முதல்முறையாகச் சாப்பிடுவது என்று இருக்கக்கூடாது, முன்கூட்டியே வயிற்றைப் பழக்க வேண்டும். கடைசி வரியில் விரலை வைத்தான்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு டம்ளர் தண்ணி. இது ரொம்ப முக்கியம்க்கா. தண்ணி இல்லன்னா வயித்துல பசை மாதிரி அப்படியே நிக்கும். கரையறதுக்கு உன் உடம்புல இருக்கிற தண்ணியையே இழுக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"குடிப்பியா?"

"குடிக்கிறேன்டா. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி கேக்குறான்."

ஒத்திகை குளிர்மாதத்தில் தொடங்கியது. விடுமுறை நாள் காலைகளில் மீட்டரக்கா சாலையோரம் நடப்பார். வீட்டுக்காரர் சைக்கிளில் கூடவே வருவார், கையில் கடிகாரம், கூடையில் தண்ணீர் பாட்டில். முக்கால் மணி ஆனதும் அவர் மணி அடிப்பார். மீட்டரக்கா பொட்டலத்தைப் பல்லால் கிழித்துப் பிதுக்கி விழுங்குவார். பாட்டிலை வாங்கி ஒரு வாய் எடுப்பார். கொப்பளிப்பார். துப்புவார்.

"குடிக்கச் சொன்னான் உன் தம்பி."

"இங்க எங்க போய் உக்கார்றது? வாய்ல ஒட்டாம இருந்தா போதும்."

முதல் வாரம் வயிறு கொஞ்சம் புரட்டியது. மூன்றாவது வாரத்தில் சரியாகிவிட்டது. இரண்டு ஜெல்லில் பதின்மூன்று கிலோமீட்டர். மூன்று ஜெல்லில் பதினெட்டு. தலைக்குள் விளக்கு அணையவில்லை. பதினெட்டாவது கிலோமீட்டரில் வீட்டுக்காரரோடு கதை பேசிக்கொண்டே நடந்தார். குளிரில் வியர்வையும் பெரிதாக இல்லை. தம்பி போனில் ஒவ்வொரு முறையும் கேட்டான், தண்ணி குடிச்சியா என்று. குடித்தேன் என்றார். ஒன்றும் ஆகவில்லையே, பிறகு அவனை எதற்குக் கவலைப்படுத்துவது என்று நினைத்தார்.

தேர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசியில் வருடத்திலேயே வெயில் கொடூரமான மாதத்தில், அவருடைய நாற்பதுக்குப் பத்தொன்பது நாள் முன்னால் வந்து விழுந்தது. ஐந்தரைக்குத் தொடக்கம் என்று தாளில் போட்டிருந்தார்கள். கொடியசைக்க வேண்டிய அதிகாரி ஏழே காலுக்குத்தான் வந்தார். நாற்பத்து மூன்று பேர் அதுவரை தார்ச்சாலையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் அதே கருவி. யார் ஓடுகிறார்கள், யார் குறுக்கே போகிறார்கள் என்று பார்ப்பதற்காம்.

"நிழல்ல உக்காந்து பாக்கிறவனுக்கு ஏழேகாலும் ஒண்ணு, அஞ்சரையும் ஒண்ணு" என்றாள் வாயாடி. அவள் கையில் பெரிய பாட்டில். "அக்கா, ரெண்டு மடக்குக் குடிங்க."

"வேண்டாம்டி. காலையில குடிச்சுட்டேன்."

"காலையில குடிச்சது காலையோட போச்சு."

இரண்டு பேரும் சேர்ந்தே தொடங்கினார்கள். நாலு கிலோமீட்டருக்கு ஒரு மேசையில் தண்ணீர் வைத்திருந்தார்கள். மீட்டரக்கா ஒவ்வொரு மேசையையும் சாலையின் மறுபக்கமாகவே கடந்தார். மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை உட்கார்ந்தால் நாலு நிமிடம். குடித்தால் இரண்டு முறையாவது உட்கார வேண்டும். எட்டு நிமிடம் அவரிடம் கிடையாது. கணக்கு மட்டுமில்லை. பகல் வெளிச்சத்தில் தண்ணீரைக் கண்டால் அவருடைய தொண்டை தானாக மூடிக்கொள்ளும். பதினோரு வருடம் பழகிய தொண்டை அது.

முதல் ஜெல் நாலரையாவது கிலோமீட்டரில். இரண்டாவது ஒன்பதில். சொல்லி வைத்தாற்போல் உடம்பு கேட்டது. பதினோராவது கல்லில் வாயாடி சாலையோரம் இருந்த இடிந்த சுவரைக் கைகாட்டினாள்.

"நான் போயிட்டு வந்துர்றேன்க்கா. நீங்க நடங்க."

"நேரம் போயிரும்டி!"

"போனா போகுது. அடக்கி அடக்கி உள்ள வெடிச்சா எந்தப் பட்டறையில ஒட்டுவாங்க? உங்க வீட்டுக்காரரா வெல்டு வைப்பாரு?"

அவள் சுவருக்குப் பின்னால் மறைந்தாள். மீட்டரக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மூன்றாவது ஜெல் பதின்மூன்றரையில். அதற்குள் தார் உருகிச் செருப்படியில் ஒட்டத் தொடங்கியிருந்தது. அந்த ஜெல் இறங்கவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு உருண்டையாக நின்றது. வயிறு பானைபோல் உப்பியது, உள்ளே எதுவோ சளசளத்தது. வாய் மட்டும் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பதினாறாவது கிலோமீட்டரில் மேசைக்காரர் ஒரு கோப்பையை நீட்டிக்கொண்டே பத்தடி கூட ஓடிவந்தார். "எடுத்துக்கங்கம்மா, முகமெல்லாம் உப்புப் பூத்திருக்கு." மீட்டரக்கா கோப்பையை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார்.

பதினெட்டில் நான்காவது. தம்பி சொன்னது ஞாபகம் இருந்தது: பசிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அவன் சொன்ன மற்றதும் ஞாபகம் இருந்தது. ஒத்திகையில் ஒன்றும் ஆகவில்லையே என்று அதைத் தள்ளிவிட்டார். விழுங்கிய ஐந்தாவது நிமிடம் எல்லாம் திரும்பி வந்தது. நிற்காமல், தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, நடந்துகொண்டே வாந்தியெடுத்தார். வந்தது முழுக்க நீர். உடம்பில் இத்தனை நீர் இருந்ததா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

பத்தொன்பதாவது கல் தெரிந்தது. போன முறை விளக்கு அணைந்த இடம். பயத்தில் ஐந்தாவது பொட்டலத்தையும் உடனே கிழித்தார். வாயில் பிதுக்கி, எச்சில்கூட இல்லாமல், விரலால் தள்ளி விழுங்கினார். கெண்டைக்கால் சதை கல்லாக இறுகியிருந்தது. தொடையைக் கையால் அடித்துக்கொண்டே நடந்தார். கடைசி மூன்று கிலோமீட்டர் அவருக்கு ஞாபகமில்லை. யாரோ அடிகளை எண்ணுவதுபோல் கேட்டது மட்டும் ஞாபகம். எண்ணியது அவர்தான் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

மூன்று மணி ஐம்பத்து நான்கு நிமிடம். தேர்ச்சி.

நாலு நிமிடம் கழித்து வாயாடி வந்து சேர்ந்தாள். மீட்டரக்காவைக் கட்டிப்பிடித்தவள் சட்டென்று விலகினாள். "என்னக்கா உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது, வேர்வையே காணோம்?"

மருத்துவப் பரிசோதனை அலுவலகக் கட்டடத்தில். எடை, உயரம், கண், ரத்த அழுத்தம். எல்லாம் முடிந்து, ஆய்வகத்துப் பெண் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்தாள். "இந்தக் கோடு வரைக்கும் யூரின் வேணும்மா. நாலு மணிக்கு மூடிருவோம். கழிவறை இடதுபக்கம்."

மணி பன்னிரண்டு. மீட்டரக்கா உள்ளே போனார். வெள்ளை ஓடு. குழாய். கதவை மூடி, உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டார். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டியது. கழுத்தில் கருவி இல்லை. யாரும் கேட்கமாட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஒரு சொட்டு வரவில்லை.

வெளியே வந்து தண்ணீர் குடித்தார். பகலில், எல்லோர் முன்னாலும், ஒரு சொம்பு நிறைய. பத்து நிமிடத்தில் வாந்தியாக வெளியே வந்தது. மறுபடி குடித்தார், மறுபடி வந்தது. ஒரு மணிக்கு உள்ளே போனார். இரண்டு மணிக்கு. இரண்டரைக்கு. குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் வலித்தது.

மூன்று மணிக்கு வாயாடி அவரைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கோப்பையை என்கிட்ட குடுங்க. எனக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் நானே குடுத்துர்றேன்."

"பைத்தியமா உனக்கு?"

"யாருக்குத் தெரியப்போகுது? அதுல பேரா எழுதியிருக்கு?"

மீட்டரக்கா கோப்பையைப் பார்த்தார். அதில் ஒட்டிய தாளில் அவருடைய எண் இருந்தது. ஆய்வகத்துப் பெண் கதவோரம் நாற்காலி போட்டு, உள்ளே போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சா உன்னையும் தூக்கிருவாங்கடி."

"தெரியாதுக்கா."

"நீ போ. ஆணை வாங்குற வழியைப் பாரு."

வாயாடி தன் பாட்டிலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று நாற்பதுக்கு வந்தது. கோப்பையில் இரண்டு விரல்கூட இல்லை. நிறம், பட்டறையில் வீட்டுக்காரர் கை துடைக்கும் துணியைப் பிழிந்ததுபோல். ஆய்வகத்துப் பெண் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு மீட்டரக்காவைப் பார்த்தாள். அவள் குரல் மாறிவிட்டது.

"அம்மா, நீங்க உக்காருங்க. எழுந்திருக்காதீங்க. டாக்டரைக் கூப்பிடுறேன்."

மருத்துவர் படிவத்தில் 'தற்போது தகுதியில்லை, ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை' என்று எழுதினார். மீட்டரக்கா அதை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"சார், பத்தொன்பது நாள்தான் இருக்கு."

"எதுக்கும்மா?"

"எனக்கு நாப்பது ஆக."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாப்பது ஆகணுமா வேண்டாமா?"

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். இரண்டு கையிலும் ஊசி, பாட்டில் பாட்டிலாக உப்புநீர். சதை உடைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, அதைக் கழுவி வெளியேற்ற நீரில்லாமல் சிறுநீரகம் அடைத்திருக்கிறது என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஐந்து ஜெல் என்றதும், "தண்ணி எவ்வளவு?" என்றார்.

மீட்டரக்கா கூரையைப் பார்த்தார்.

கட்டில் பக்கத்தில் நின்ற தம்பி அக்காவின் பக்கம் குனிந்தான். "தண்ணி குடிச்சேன்னு சொன்னியேக்கா. ஒவ்வொரு வாரமும் கேட்டேனே."

"அவளைத் திட்டாதே" என்றார் வீட்டுக்காரர். யாரும் யாரையும் திட்டவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மேலும் சொன்னார், "நான்தான் பக்கத்துலயே சைக்கிள்ல வந்தேன். அவ துப்புறதை வாராவாரம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மணி அடிச்சேன், அவ்வளவுதான் செஞ்சேன்."

சிறுநீரகம் பாதி மீண்டது. மீதி மீளாது என்றார்கள். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர், அடக்கவே கூடாது, வெயிலில் நடக்காமல் இருப்பது நல்லது. மூன்றாவது ஆலோசனையைக் கேட்டு வீட்டுக்காரர் மருத்துவரையே பார்த்துக்கொண்டிருந்தார், மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்பதுபோல். நாற்பதாவது பிறந்தநாள் ஒரு வேலைநாளில் வந்து போனது. வாயாடியின் ஆணை அதற்கு நாலு நாள் முன்பே வந்துவிட்டது. மீதமிருந்த இரண்டு ஜெல் பொட்டலங்களைத் தம்பி தேடினான். கிடைக்கவில்லை. மீட்டரக்கா அவற்றைக் கிழித்து, தொட்டியில் பிழிந்து, குழாயைத் திறந்துவிட்டிருந்தார். அவை கரைய வெகுநேரம் ஆனது.

ஏழாவது வாரம் ஒப்பந்தக்காரர் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நடக்கப் பழகிய ஆள் கிடைப்பது கஷ்டம். அதே பிரிவு, அதே கற்கள், கழுத்தில் அதே கருவி. புதிதாக இடுப்பில் ஒரு பாட்டில். பதினாறாவது கல்லில் சந்திக்க ஆளில்லை. வாயாடியை மூன்று மாதப் பயிற்சிக்குக் கன்ட்ரோல் ரூமில் போட்டிருந்தார்கள்.

நாலாவது கல்லருகே மீட்டரக்கா பாட்டிலைத் திறந்தார். தொண்டை மூடிக்கொண்டது. மாத்திரையை விழுங்குவதுபோல் தலையை அண்ணாந்து, மடக்கு மடக்காக உள்ளே தள்ளினார். ஏழாவது கல்லில் உட்கார வேண்டியிருந்தது. பழைய முள்புதர்தான், கொஞ்சம் பெரிதாகியிருந்தது. இப்போது சீக்கிரம் முடிவதில்லை. சொட்டுச் சொட்டாகத்தான் வரும், வலிக்கும்.

போன் அடித்தது.

"வணக்கம், கன்ட்ரோல் ரூம். ஏழாவது கல்லுல மூணு நிமிஷமா..." குரல் நின்றது. பின்னால் ஆண்கள் பேசிக்கொள்ளும் சத்தம். பிறகு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டதுபோல், "அக்கா. நீங்களா?"

"நான்தான்டி."

"கேக்கணும்னு இருக்குக்கா. கேக்கலைன்னா என் பேர்ல விழும்."

"கேளு."

"ஏன் நிக்கிறீங்க?"

"ஒண்ணுக்குப் போறேன்."

விசைப்பலகையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. "அப்படி எழுத இடமில்லக்கா. இதுல நாலே காரணம்தான் வருது. தோண்டியிருக்கு, கசிவு, பாதையில தடை, உடல்நிலை."

"உடல்நிலைன்னே போடு."

"இப்பல்லாம் மாசத்துக்கு அஞ்சுக்கு மேல உடல்நிலை வந்தா, ஒப்பந்தக்காரருக்கு லிஸ்ட் போயிரும்க்கா. ஆளை மாத்திருவாங்க."

"தெரியும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிப்பீங்க?"

மீட்டரக்கா யோசித்தார். மூன்று லிட்டர். பதினாறு கல். "மூணு" என்றார்.

நாளைக்குள் ஐந்து தாண்டிவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. பின்னால் ஒரு ஆண் குரல், "யாரு, என்னவாம்?" என்று கேட்டது.

"ஒண்ணுமில்ல சார், நடந்துட்டாங்க" என்றாள் வாயாடி. பிறகு போனுக்குள், மிக மெதுவாக, "எழுந்துருங்கக்கா. இன்னும் சிவப்பாவே இருக்கு."

மீட்டரக்கா எழுந்தார். இன்னும் முடிந்திருக்கவில்லை. துணியைச் சரிசெய்துகொண்டு எட்டாவது கல்லைப் பார்த்து நடந்தார்.